அடுத்த சேர்

எங்கள் வீட்டில் இங்கிலிஷ் பேசும் பெரிய மனுசி நான்தான். வயது ஒன்பது. பதினைந்து வயது அண்ணாவுக்கு என்னைவிட நன்றாகவே இங்கிலிஷ் தெரியும், ஆனால் வாய் திறக்கமாட்டான். ஆகவே பள்ளிக்கூட ரீச்சர், டொக்டர், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் கிழவி என்று யார் பேசினாலும் அப்பா என் தோளைப் பிடித்து முன்னே தள்ளிவிட்டு, "என்னவாம்?" என்று கேட்பார். நான் சொல்லுவேன். விளங்காத இடத்தில் என் சொந்தக் கைச்சரக்கையும் கொஞ்சம் கலந்து சொல்லுவேன். ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. அதனால் எனக்குத் தலைக்கனம் கூடிப்போயிருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவுக்கு வந்த புதிதில், வெக்ஸ்போர்ட்டில் ஓர் இங்கிலாந்துக் கிழவரின் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தோம். மனைவியைப் பறிகொடுத்த கிழவர் மேலே தனியாக இருந்தார். ஒரே மகன், நாற்பது வயதிருக்கும், பஸ் ஓட்டுகிற வேலை. சனிக்கிழமை தவறாமல் வந்து புல்லு வெட்டுவார், குப்பை வாளியைத் தெருவோரம் வைப்பார், பிறகு தகப்பனைப் பின்கதவடியில் கதிரை போட்டு இருத்திச் சவரம் செய்துவிடுவார். கிழவருக்குக் கை நடுங்கும். கன்னத்தில் நுரையோடு அவர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதை எங்கள் சின்ன ஜன்னலால் பார்ப்போம். "பெத்தால் இப்பிடி ஒரு பிள்ளையைப் பெறவேணும்" என்று அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லுவார். அண்ணா சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலை நிமிர்த்தமாட்டான்.

அந்த வருடம் பனி கரைந்த கையோடு இங்கிலாந்திலிருந்து கிழவருக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய தமையனார் பிள்ளைகள் இல்லாமல் காலமாகிவிட்டார். அந்தக் குடும்பத்துக்கு ஏதோ ஒரு ராசா காலத்தில் கொடுத்த 'சேர்' பட்டம் ஒன்று இருந்தது; தலைமுறை தலைமுறையாக ஆண்வழியில் இறங்கி வருவது. இப்போது அது இவருடைய தலையில் வந்து விழுந்துவிட்டது. மாளிகை, காணி எல்லாம் எப்போதோ விற்றாகிவிட்டதாம். மிஞ்சியது பெயருக்கு முன்னால் போடும் அந்தச் சொல் மட்டும். கிழவர் அடுப்படி மேசையில் இருந்து கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். நான் படிகளில் பாய்ந்து இறங்கி வந்து செய்தியைக் கொட்டினேன்.

அப்பா சிரிக்கவில்லை. ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர், இங்கே ஒரு ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். எங்கே எவருக்கு என்ன மரியாதை என்பதில் அவர் விட்டுக்கொடுக்கமாட்டார். கிழவரை முதல் நாளிலிருந்தே சேர் என்றுதான் கூப்பிட்டுவந்தார், ஆகவே புதிதாகப் பழகவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனால் சும்மா விடுவதா? "எங்கட ஊரிலையும் முந்தி ஊருக்குத் தலைமை பாக்கிற உடையார் வேலை அப்பிடித்தான். தகப்பனுக்குப் பிறகு மூத்த மகன்" என்றார். "மனுசனைக் கூப்பிட்டு ஒரு மாலையாவது போடவேண்டாமே?"

ஆடி மாதம் இங்கிலாந்திலிருந்து கிழவரின் சொந்தக்காரர் ஒருவர் பட்டத்துப் பத்திரங்களோடு வருவதாக இருந்தது. செத்துப்போன ஒன்றுவிட்ட தம்பியுடைய மகன். அந்தச் சனிக்கிழமையையே அப்பா நாள் பார்த்துவிட்டார். பின்வளவில் மேசை போட்டு, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்குக் காற்றில் நூராமல் இருக்கப் பால் பெட்டி ஒன்றை வெட்டி மறைவு கட்டினார். அம்மா விடியவே எழும்பி ரோல்ஸ், வடை, கேசரி என்று செய்து குவித்தார். மாலை மட்டும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று சேருக்கு. மற்றது அடுத்த சேருக்கு, அதாவது பஸ் ஓட்டுகிற மகனுக்கு. பட்டம் எந்த வழியால் போகும் என்று ஊருலகத்துக்குத் தெரியவேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. அதைக் கிழவரிடம் ஒரு வார்த்தை கேட்க அவருக்குத் தோன்றவில்லை. மகன் இருக்கும்போது இதில் என்ன கேள்வி?

இங்கிலாந்துக்காரர் முப்பது வயதுக்குள், மெலிந்தவர், அந்த வெயிலிலும் கோட் போட்டிருந்தார். மேசையில் ஒரு பெரிய தாளை விரித்துக் காட்டினார். பெயர்களும் கோடுகளும், பெயருக்குக் கீழே பெயராய் இறங்கிய வம்சவழி. கிழவரின் பெயரைத் தேடிப்பிடித்தேன். பக்கத்தில் மனைவியின் பெயர் இருந்தது. கீழே ஒன்றுமில்லை. தாளில் இடம் போதவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணா மூத்த மகன் என்பதால் தட்டம் அவன் கையில். அப்பா சந்தனம் பூசி, முதல் மாலையைக் கிழவருக்குப் போட்டார். கிழவர் சின்னப்பிள்ளை மாதிரிக் கழுத்தைக் குனித்துக் கொடுத்தார். அடுத்த மாலையை எடுத்து மகனுக்குப் போட்டு, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அப்பா எனக்குக் கண்காட்டினார். "சேருக்குப் பிறகு இந்தப் பட்டம் உங்களுக்கு. நீங்கள்தான் அடுத்த சேர். சொல்லு பிள்ளை."

சொன்னேன். மகன் வெட்கத்தோடு சிரித்தார். தான் சேர் என்றால் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் சலூட் அடிப்பார்களோ என்று பகிடி விட்டார். அப்போது இங்கிலாந்துக்காரர் மிகவும் பணிவாக, ஒரு பிழையைத் திருத்துகிறவரைப் போலச் சொன்னார். அப்படி இல்லை, தத்தெடுத்த பிள்ளைக்குப் பட்டம் இறங்காது, சட்டம் அப்படி, கிழவருக்குப் பிறகு அது தன்னிடம் வரும். மகனுக்கு இது தெரியாது என்பதை அவர் எப்படி அறிவார்? குடும்பத்தில் மற்ற எல்லாருக்கும் நாற்பது வருடமாகத் தெரிந்த விஷயம்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

தத்தெடுப்பதற்கு இங்கிலிஷில் என்ன சொல் என்பது எனக்கு வகுப்புச் சிநேகிதி ஒருத்தியால் தெரிந்திருந்தது. தெரிந்த சொல் வந்த சந்தோசத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னேன். "இவர் அடுத்த சேர் இல்லையாம் அப்பா. இவர் சொந்தப் பிள்ளை இல்லையாம், எடுத்து வளத்ததாம். எடுத்து வளத்த பிள்ளைக்கு ஒண்டும் கிடையாதாம்."

அம்மாவின் அறை எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. காது கூவியது. அம்மா எனக்கு அதற்கு முன்னும் பின்னும் கை நீட்டியதில்லை. அண்ணா தட்டத்தை அப்படியே புல்லில் வைத்தான், சந்தனக் கிண்ணம் சரியாமல், மெதுவாக. பிறகு உள்ளே போய்விட்டான்.

மகன் தகப்பனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். உண்மையா? கிழவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னுடைய அம்மா சொல்லவேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள் என்றார். அவ்வளவுதான். மகன் மாலையைக் கழற்றி, பூ உதிராமல் மடித்து, கதிரையில் வைத்தார். சாப்பாட்டுக்கு அம்மாவிடம் நன்றி சொன்னார், ஒரு வாய்கூடச் சாப்பிடாத மனுசன். பிறகு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு எந்தச் சனிக்கிழமையும் அவர் வரவில்லை. புல்லை அண்ணா வெட்டினான். நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும் கிழவர் மேலே கூப்பிடுவார். நடுங்கும் விரலால் எண்களை அழுத்த முடியாததால் நான்தான் மகனுடைய நம்பரை அழுத்திக் கொடுப்பேன். மறுமுனையில் மணி அடிக்கும், அடித்துக்கொண்டே இருக்கும். கிழவரின் கன்னத்தில் தாடி வளர்ந்து ஒழுங்கில்லாமல் வெளுத்தது. அப்பா சவரம் செய்துவிடுகிறேன் என்று கேட்டார். கிழவர் வேண்டாம் என்று தலையாட்டினார். மார்கழியில், அதே தாடியோடு போய்ச் சேர்ந்தார்.

சவச்சாலையில் அவருடைய பெயருக்கு முன்னால் 'சேர்' என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். முன்வரிசையில் இங்கிலாந்துக்காரர், இப்போது அவர்தான் சேர். மகன் வந்திருந்தார், கடைசி வரிசையில், பஸ் ஓட்டும் சீருடையோடு. அண்ணா எங்களோடு இருக்காமல் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தான். அப்பா கூப்பிடச் சொல்லி என்னை அனுப்பினார். "நான் இஞ்சை இருக்கிறன், நீ போ" என்றான். முன்பின் பேசியறியாத ஒருவரோடு இவனுக்கு என்ன சிநேகம் என்று எரிச்சல் வந்தது.

எனக்குப் பத்தொன்பது வயதானபோதுதான் அம்மா சொன்னார். அண்ணா எங்கள் சித்தியின் பிள்ளை. அவனுக்கு நாலு வயதில் சித்தியும் சித்தப்பாவும் ஷெல் விழுந்து ஒன்றாகச் செத்தார்கள். அகதி விண்ணப்பத்தில் அப்பா அவனைத் தன் மூத்த மகன் என்று எழுதிக் கொடுத்தார். இல்லாவிட்டால் அவனை விட்டுவிட்டு வரவேண்டியிருந்திருக்கும். அவனுக்கு எல்லாம் தெரியும். ஒரு வெள்ளைக்காரருக்கு முன்னாலும் வாய் திறக்காதே என்று அப்பா சொல்லிவைத்திருந்தாராம். எனக்கு மட்டும் சொல்லவில்லை. எனக்கு வாய் நீளம்.

அதை அம்மா சொன்னது அப்பாவின் செத்தவீட்டன்று. பதினெட்டு வயதிலேயே வீட்டை விட்டுப்போய் எட்மன்டனில் இருந்த அண்ணா அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தான். கொள்ளி வைக்க வேட்டியைக் கொடுத்தால் வாங்கவில்லை. "சொந்தம் ஆரும் செய்யட்டும். எனக்கு அந்த உரிமை இல்லை" என்றான். அம்மா அவனுடைய காலைப் பிடிக்காத குறையாக அழுதார். அவன் கடைசி வரிசையில் போய் இருந்தான். பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தான்.

அந்த ஆடி மாதச் சனிக்கிழமை, அறை வாங்கிய பிறகு நடந்த இன்னொன்றை நான் இதுவரை எவருக்கும் சொன்னதில்லை. அழுது முடித்துவிட்டு நியாயம் கேட்க அண்ணாவிடம் போனேன். அவன் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி இருந்தான். நான் பிழையாகவா சொன்னேன், அந்த மனுசன் சொன்னதைத்தானே சொன்னேன் என்று கத்தினேன். அவன் திரும்பினான்.

"ஒண்டும் கிடையாது எண்டு அவரே சொன்னவர்? இல்லாட்டி, நீயாச் சொன்னனியா?"

பட்டம் கிடையாது என்றுதான் அவர் சொன்னார். 'ஒண்டும்' என்னுடைய கைச்சரக்கு. ஆனால் அதை ஒத்துக்கொண்டால் என் இங்கிலிஷின் மானம் என்னாவது?

"அவர்தான் சொன்னவர்" என்றேன்.

அண்ணா சரி என்று தலையாட்டினான். அவனுக்கென்று அம்மா எடுத்துவைத்த கேசரி பக்கத்தில் தொடாமல் இருந்தது. அதை எனக்குத் தா என்றேன். தந்தான்.