எண்ணெய் போட்ட பலகைக் கதவு

எங்கள் தோட்டப் பள்ளியின் நடுவில் ஒரு பலகைக் கதவு உண்டு. தரையில் பதித்த இரும்புத் தடத்தில் கரகரவென்று ஓடும். முதலில் பள்ளி ஒரே கூடம்தானாம். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தொழிலாளர்கள் சேர்ந்து கட்டியது. செங்கல் தூண்கள்மேல் பலகைத் தரை, நெஞ்சளவுச் சுவர், அதற்கு மேல் கம்பிவலை, தகரக் கூரை. பிள்ளைகள் பெருகியதும் இந்தக் கதவைக் குறுக்கே போட்டு இரண்டு வகுப்பாக்கினார்கள். மழை பிடித்தால் தகர இரைச்சலில் பாடம் கேட்காது. நான் இடிக்கு நடுங்குகிறவள். டீச்சர் கதவைத் தள்ளித் திறந்து இரண்டு வகுப்பையும் நடுவில் கூட்டி உட்கார வைப்பார். இத்தனை பேர் இருக்கிறோமே என்று பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விடும்.

பிறகு இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டோடு நான் படிப்பை நிறுத்திவிட்டேன். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியது, வேலை குறைந்து குடும்பங்கள் யோங் பெங் பட்டணத்துப் பக்கம் வந்துவிட்டன. அன்றைய டீச்சர் இப்போது தலைமையாசிரியை. வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்கிறார். சென்ற ஆண்டு என் வீட்டுக்கும் வந்தார். முதலாம் வகுப்புக்கு ஆள் வராவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்களாம். நானோ மகளை அடுத்த தெரு மலாய்ப் பள்ளியில் ஏற்கெனவே பதிந்துவிட்டேன். கணவருக்கு சிங்கப்பூரில் வேலை, எனக்கு விடியுமுன் கம்பெனி பஸ். தோட்டத்துக்குள் யார் கொண்டுபோய் விடுவது? பள்ளி வேன் வராவிட்டால்? வழியில் பழுதாகி நின்றுவிட்டால்? இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. யோசிக்கிறேன் டீச்சர் என்று மைலோ கலக்கிக் கொடுத்து அனுப்பினேன்.

சொல்லிவிடத்தான் ஒரு சனிக்கிழமை பள்ளிக்குப் போனேன். நடுக்கதவு திறந்தே இருந்தது. மிச்சமிருந்த மேசைகள் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன. டீச்சர் குனிந்து தடத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"இழுத்துப் பாரு. பிள்ளைங்க கூடினா மூடணும்ல?"

இழுத்தேன். சத்தமே இல்லாமல் ஓடி மூடியது. மகளைப் பற்றித் தொடங்கினேன், டீச்சர் முந்திக்கொண்டார்.

"வேற பள்ளியில போட்டுட்டே. மைலோவுல பால் ஊத்த மறந்தியே, அப்பவே தெரியும் லா," என்று சிரித்தார். பிறகு கையைத் துடைத்தபடி, "போறப்ப கதவத் திறந்துவிட்டுட்டுப் போ," என்றார்.

முதலாம் வகுப்புக்கு யாருமே சேரவில்லை என்று பிறகு தெரிந்தது. மகளின் பள்ளி கான்கிரீட் கட்டடம். எவ்வளவு மழை பெய்தாலும் பாடம் கேட்கிறதாம், அவளுக்குப் பயமில்லை. எனக்குத்தான், மழை இறங்கினால் அந்தக் கூடத்தின் நினைப்பு. யாராவது கதவைத் தள்ளித் திறக்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொள்கிறேன். இவ்வளவு தூரத்துக்குக் கேட்காது. பக்கத்தில் நின்றாலும் இனி கேட்காது.