பௌர்ணமியில் எடுத்த அளவு

சந்திரமதிக்குத் தேவைக்கு மீறிய மோட்டாரைக் கண்டால் எரிச்சல் வரும். ஜொகூர் பாருவில் அவள் வேலை செய்யும் பட்டறையில் எல்லாரும் பயத்தில் அளவைக் கூட்டுவார்கள். கேட்பவர் கொஞ்சம், கணக்குப் போடுபவர் கொஞ்சம், விற்பவர் கொஞ்சம்.

மெர்சிங்கில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் தரும் ஹாரூன் பாயின் ஆலைக்கும் அப்படித்தான் ஒரு மோட்டார் போயிருந்தது. ஐஸ் உடைக்க இருபத்திரண்டு கிலோவாட்! அது கிளம்பும்போதெல்லாம் மின்னழுத்தம் சரிந்து, ஐஸ் உறைய வைக்கும் கம்ப்ரசர் நின்றுபோகும்.

ஆலையில் அவசரமில்லாத ஒரு பௌர்ணமியன்று போய் அளந்தாள். ஒரு கட்டி உடையப் பன்னிரண்டு வினாடி. அப்போது பதினான்கு கிலோவாட் இழுத்தது. அடுத்த கட்டி வர நாற்பது வினாடி, அதுவரை வெறுமனே சுற்ற ஒரு கிலோவாட். மோட்டாரை எரிப்பது சில வினாடித் திணறல் அல்ல, ஆறாமல் சேரும் சூடு. சுமையை வர்க்கமாக்கி, ஓய்வையும் சேர்த்துச் சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டாள். ஆறு புள்ளி எட்டு. ஏழரை போதும்! திரும்பும் பஸ்ஸில் மூன்று முறை போட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் அதே விடை.

"சரி, போடு," என்றார் பட்டறை முதலாளி. "படகு ஐஸ் இல்லாம நின்னுச்சுன்னா, அளவு சொல்ற வேலை இனி உனக்கு இல்ல."

ஏழு வருஷம் பழுது பார்த்தவளுக்கு முதல் முறையாகக் கிடைத்த வேலை அது.

பத்து நாள் கழித்து ஏழரை ஓடியது. கம்ப்ரசர் நிற்கவில்லை. சந்திரமதி குதிக்காத குறை. அதற்குள் கட்டி தள்ளும் காளியப்பன் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ள ஆரம்பித்தார்.

"அண்ணே, மெதுவா! என்ன அவசரம்?"

"தண்ணி வத்துறதுக்குள்ள நாலு படகு போகணும் லா. நீ அளந்த அன்னிக்குப் பௌர்ணமி. நிலா வெளிச்சத்துல கணவாய் படகு விளக்குக்கு வராது, எவன் பிடிக்கப் போவான்?"

அது அவளுக்குத் தெரியாது. இடைவெளியை அளந்தாள்: பதினைந்து வினாடி. மோட்டாரின் மேல் வெப்பமானியைக் காட்டினாள். எழுபது டிகிரி. எண்பத்திரண்டு. தொண்ணூற்றைந்து. நூற்றைத் தாண்டினால் நிறுத்தியாக வேண்டும்.

"அலமாக்!"

மீன் பெட்டி மூடியில் கணக்குப் போட்டாள். ஒன்பது புள்ளி நான்கு. ஏழரை தாங்காது; கடையில் கிடைக்கும் அடுத்த அளவு பதினொன்று. கணக்கைத் திருப்பிப் போட்டாள். ஏழரை தாங்க எவ்வளவு இடைவெளி வேண்டும்? முப்பது வினாடி!

கையை உயர்த்தினாள். "நான் கையை இறக்கினா மட்டும் தள்ளுங்க!"

"டிராபிக் போலீஸ் ஆயிட்டியா தங்கச்சி?"

சிரித்தாலும் காளியப்பன் காத்திருந்தார். தொண்ணூற்றேழு. தொண்ணூற்றேழு. அதற்கு மேல் ஏறவில்லை. நான்காவது படகு ஐஸோடு, அடிப்பகுதி சேற்றை உரச, வெளியேறியது.

ஹாரூன் வந்தார்.

"பாய், என் அளவு தப்பு. பதினொண்ணு வேணும்."

"தப்புன்னு சொல்லிட்டு எதுக்கும்மா சிரிக்கிற?"

"எங்க தப்புன்னு தெரிஞ்சிருச்சே! கணக்கு சரி பாய், நான் வந்த நாள்தான் தப்பு. பதினொண்ணு போட்டாலும் கம்ப்ரசர் நிக்காது."

ஹாரூன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அங்கிருந்தே அவள் முதலாளியை அழைத்தார்.

"பதினொண்ணு அனுப்புங்க. ஆமா, இந்தப் பிள்ளதான் சொல்லுது. மாட்டுறதுக்கும் அதுவே வரட்டும்."