முந்திக்கொள்ளும் சுருளி

செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிற சுருளியைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஒரு வீட்டில் சாவு என்றால் பந்தல் போடுவதிலிருந்து காடு வரைக்கும் கூடவே நிற்கிற மனுசன். போன் வாங்கின பிறகு அந்த நல்ல குணமெல்லாம் கட்டைவிரலுக்கு இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் விடியுமுன்னே பூவும் சூரியனும் போடுவார். அது போகட்டும். யாராவது கண்ணை மூடினால் முதல் இரங்கல் அவருடையதாக இருக்க வேண்டும். அதற்காகவே கல்யாண வீடுகளில் வயதானவர்களைக் கண்டால், "அண்ணே, இப்படிக் கொஞ்சம் திரும்புங்க" என்று தனியாகப் படம் எடுத்து வைத்துக்கொள்வார். பாசம் என்று எல்லாரும் நினைத்தார்கள். படத்துக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு வைத்து, கண்ணீர் அஞ்சலி என்று எழுதி, தேதியை மட்டும் விட்டுவைக்கிற சங்கதி மனைவி அன்னக்கொடிக்குத்தான் தெரியும்.

"உசுரோட இருக்கவுகளுக்கு விளக்கு ஏத்துறீகளே, வெளங்குமா?"

"ஆத்திர அவசரத்துக்கு ஆகும்டி."

மகள் வர்ஷினிக்குத் திருப்பரங்குன்றத்துப் பசுபதியின் மகனைப் பேசி முடித்தார்கள். வெள்ளிக்கிழமை நிச்சயம். புதன் காலையில் பசுபதிக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று சேதி வந்தது. சுருளி பதறித்தான் போனார். மனசு பதறினாலும் விரல் தன் வேலையைப் பார்த்தது. சம்பந்தி படத்துக்கு விளக்கு வைத்துக்கொண்டிருக்கும்போதே விரல் எங்கேயோ பட்டு, படம் குரூப்புக்குப் போய்விட்டது.

வேர்த்துக் கொட்டியது. அழிக்கப் போனால், எல்லாருக்கும் அழிக்கவா, உனக்கு மட்டும் அழிக்கவா என்று போன் கேட்டது. கண்ணாடி தேடப் பொறுமை இல்லை. ஏதோ ஒன்றைத் தொட்டார், படம் மறைந்தது. மறைந்தது அவர் போனில் மட்டும். அது தெரியாமல், "அப்பாடா, முருகா" என்று தறிப் பக்கம் போய்விட்டார்.

மத்தியானம் சாப்பிட வந்து பார்த்தால் குரூப் முழுக்கக் கும்பிடும் கண்ணீரும். பசுபதி அண்ணன் ஆத்மா சாந்தியடையட்டுமாம்!

"அன்னம், சம்பந்தி போயிட்டாருடி! பிள்ளைக்கு நிச்சயம் நின்னுபோச்சே!" என்று ஓவென அழுதார். நிஜமான அழுகைதான். அதற்கு நடுவிலும், "அழிக்காம விட்டிருந்தா நம்மதுல்ல முதல்ல வந்திருக்கும்" என்றார். சொன்னதைச் சொல்லத்தானே வேண்டும்.

பெரிய ரோஜா மாலையாக வாங்கிக்கொண்டு இருவரும் ஆட்டோவில் திருப்பரங்குன்றத்துச் சம்பந்தி வீட்டுக்குப் போய் இறங்கினார்கள். வாசலில் ஏற்கெனவே கூட்டம். மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் ஆளாளுக்குக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே பசுபதி இட்லி தின்றுகொண்டிருந்தார். வெறும் வாயுப்பிடிப்பு என்று ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்களாம்.

பசுபதியின் மனைவி சாவித்ரி பாய்ந்து வந்தாள். "நீங்க போட்டதப் பாத்துத்தான் இம்புட்டுப் பேரும் வந்திருக்காக. இப்ப மாலையோட வேற வந்துட்டீகளாக்கும்! இந்தச் சம்பந்தமே வேணாம்!"

சுருளிக்கு அப்போதுதான் விளங்கியது. மாலையை எங்கே ஒளிப்பது என்றுதான் விளங்கவில்லை.

பசுபதி கையைக் கழுவிவிட்டு வந்தார். "சும்மா இரு சாவித்ரி, பிள்ளைக என்ன பாவம் பண்ணுச்சுக? சம்பந்தி, நிச்சயம் நடக்கும். ஆனா குரூப்ல இருக்க அம்புட்டுப் பேருக்கும் போன் போட்டு, நான் உசுரோட இருக்கேன்னு உம்ம வாயால சொல்லணும். டைப் அடிக்கப்படாது."

சுருளி வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருவர் வைதார். ஒருவர், "வேன் பிடிச்சு ஏறிட்டமேப்பா" என்று சலித்துக்கொண்டார். போகப்போகச் சுருளிக்குக் குரல் ஏறியது. "நான்தான் முத ஆளாச் சொல்றேன், கேட்டுக்கங்க" என்று ஆரம்பித்தார்.

வண்டியூர் நாகஜோதி இடைமறித்தாள். "தெரியும்ணே. அன்னக்கொடி மதினி அப்பவே குரூப்ல போட்டுருச்சே."

சுருளி திரும்பி மனைவியைப் பார்த்தார். "ஏண்டி, என்னைய விட முந்திட்டியா?"

வெள்ளிக்கிழமை நிச்சயம் குறையில்லாமல் நடந்தது. தட்டு மாற்றின கையோடு சுருளி போனைத் தூக்கி, "சம்பந்தி, இப்படிக் கொஞ்சம் திரும்புங்க" என்றார்.

பசுபதி துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.