மஞ்சளாகிப் போன ஆரத்தி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்ற படிப்பு. சொல்ல வந்ததைப் பாதியில் மறந்துவிட்டு வேறெங்கோ போய் நிற்பேன். வாராவாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளுங்கள்... விஷயம் கெமிஸ்ட்ரி!

போன வாரம் என் மகன் குமரேசனுக்குக் கல்யாணம். நாற்பதை நெருங்கும்போதுதான் பெண் அமைந்தது. தளவானூர்ப் பெண், பெயர் மலர்விழி. பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். முதல் கணவர் பைக் விபத்தில் போய்விட்டார். அதனால் சொந்தத்தில் பாதிப் பேருக்கு முகம் சுளிப்பு. என் வீட்டுக்காரரின் அக்கா, சரோஜா அண்ணி, பத்திரிகை வைக்கப் போனபோதே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் வந்துவிட்டார். வராமல் இருப்பாரா?

சிங்கவரம் கோயிலில் தாலி கட்டி, செஞ்சியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். ஆரத்தித் தட்டு அண்ணியின் கையில். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தது நான்தான் — அடுப்படியில். என் வீட்டுக்காரர் போன பிறகு கரைப்பதோடு என் வேலை முடிந்துவிடும். தட்டை ஏந்துவது சுமங்கலிகள். யாரும் இப்படிச் சட்டம் போடவில்லை. நானாகவே கதவுக்குப் பின்னால் நின்று பழகிவிட்டேன்.

அன்று அண்ணிக்குத் திடீரென்று ஒரு யோசனை.

"ரெண்டாங் கல்யாணம். ஊர்க்கண்ணு நெறைய இருக்குது. எலுமிச்சம்பழத்தையும் இதுலயே புழிஞ்சு வுட்டுட்டா ஒரே சுத்துல எல்லாம் போயிடும்" என்று சொல்லி, திருஷ்டிக்கு வைத்திருந்த பழத்தை நறுக்கி ஒரு மூடியைத் தட்டில் பிழிந்துவிட்டார். கெட்ட மனசில் செய்யவில்லை. அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே செய்துதான் பழக்கம்.

தட்டில் ரத்தச் சிவப்பாக இருந்த தண்ணீர் எல்லார் கண்முன்னாலும் வெளுத்து... மஞ்சளாகிவிட்டது.

"இன்னாடி இது? செவப்பு பூடுச்சே!" அண்ணி தட்டோடு ஓரடி பின்வாங்கினார். "நான் அப்பவே சொன்னேன், கேட்டீங்களா? சாமியே வாசல்ல நிறுத்திடுச்சு பாரு."

"அத்தே, சும்மா இரு" என்றான் குமரேசன்.

"நீ சும்மா இருடா. நீ நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன்."

பின்னால் நின்ற பெண்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். மலர் தலையை நிமிர்த்தவில்லை. நெற்றிக் குங்குமம் மட்டும் தெரிந்தது. எத்தனை நாள் கழித்து வைத்த குங்குமமோ!

நானோ கதவுக்குப் பின்னால். மஞ்சள் கறை பட்ட துண்டில் சோப்புப் போட்டால் சிவக்கும். அலசினால் பழையபடி மஞ்சளாகும். வாழ்க்கை பூரா துணி துவைத்தவளுக்கு இது தெரியாதா? சுண்ணாம்பு கொடுத்த சிவப்பை எலுமிச்சை எடுத்துவிட்டது. அவ்வளவுதான். ஆனால் இத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவேண்டுமே!

வாய் வரவில்லை. கால்தான் வந்தது. இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பு டப்பாவோடு வாசலுக்குப் போய்விட்டேன்.

"கமலா, நீ தட்டுல கை வெக்காத" என்றார் அண்ணி.

நின்றுவிட்டேன். அப்போதுதான் மலர் நிமிர்ந்து பார்த்தாள்.

"போடுங்க அத்தை" என்றாள்.

டப்பாவில் இருந்ததை வழித்துத் தட்டில் போட்டு விரலால் கலக்கினேன். முதலில் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு... பிறகு மறைந்தது. இன்னும் கலக்கினேன். குபீரென்று தட்டு முழுக்கச் சிவப்பு!

"அடடா, வெத்தல போட்ட வாயாட்டம் செவந்துடுச்சே!" என்று பக்கத்து வீட்டு நூர்ஜஹான் கைதட்டினாள். "கூட்டினு போங்கம்மா உள்ள. அந்தப் பொண்ணுக்குக் காலு கடுக்குது."

அண்ணி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தட்டை என் கையில் வைத்துவிட்டார்.

"கலக்குனவளே சுத்து. எனக்குக் கை நடுங்குது."

சுற்றினேன்.

மறுநாள் காப்பி போடும்போது மலரைக் கேட்டேன். "நீதான் இதையெல்லாம் படிச்சவளாச்சே. ஏம்மா சொல்லல?"

"வாசல்லியே ஆரம்பிச்சா, வாத்தியாரம்மா வந்ததும் வராததுமா பாடம் எடுக்குறான்னு சொல்வாங்களே அத்தை" என்று சிரித்தாள்.

தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம். இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டு நின்றோம். தெரியாதவர்கள்தான் பேசினார்கள். பல வீடுகளில் இப்படித்தானோ?

பிறகு பாடம் எடுத்தாள். எலுமிச்சை, புளி, தயிர் எல்லாம் அமிலம். சுண்ணாம்பு, சோப்பு எல்லாம் காரம் — மிளகாய்க் காரம் இல்லையாம். இதை அளக்க பி.எச். என்று ஒரு கணக்கு. பூஜ்யத்திலிருந்து பதினான்கு வரை. நல்ல தண்ணீர் நடுவில், ஏழில். எலுமிச்சை கீழே இரண்டுக்குப் பக்கத்தில், சுண்ணாம்புத் தண்ணீர் மேலே பன்னிரண்டுக்குப் பக்கத்தில். "நம்ம செஞ்சிக் கோட்டைப் படி மாதிரி நெனைச்சுக்கோங்க அத்தை. ஆனா ஒவ்வொரு படி எறங்கும்போதும் புளிப்பு பத்து மடங்கு ஏறும்." இரண்டையும் அளவாகச் சேர்த்தால் ஒன்றின் வேகத்தை இன்னொன்று அடக்கிவிடுமாம்.

மஞ்சள்? அது எந்தக் கட்சியும் இல்லை. பக்கத்தில் இருப்பது எது என்று நிறத்தால் காட்டும், அவ்வளவே. பழம் பிழிந்திருக்கிறது என்றுதான் அன்றைக்கும் அது சொன்னது. நாங்கள் ஒரு பெண்ணின் தலையெழுத்தைப் படித்தோம்.

இந்த எண்களையெல்லாம் சரியாகத்தான் எழுதினேனா தெரியவில்லை. மலர் ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள். கெமிஸ்ட்ரி படித்தவர்கள் யாராவது ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள். தட்டு சிவந்ததை மட்டும் சரிபார்க்க வேண்டாம்... அது என் கையில் இருந்தது.