குழாயில் சுற்றிய துண்டு

எனக்கு இப்போது கைக்குழந்தை. வீட்டில் லேசாக வாடை அடித்தாலும் டயப்பரா, குளியலறைக் குழாயா என்று மூன்று தடவை முகர்ந்து பார்ப்பேன். பிறகும் சந்தேகம் தீராமல் ஃபினாயிலை எடுப்பேன். சின்ன மாமாவின் நினைவு வரும். பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுவேன்.

மாமா, அம்மாவின் தம்பி. வெளிநாட்டில் ஒரு பாய்மரப் படகில் வேலை. இன்ஜினியர் என்று அம்மா பள்ளத்தூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் தட்டிப் போயிருந்தன. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அவர் விடுப்பில் வந்தார். மூன்றாவது இடத்துப் பெண்ணின் அப்பா எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு.

அன்று காலை பார்த்துக் கழிவறையிலிருந்து கூடம் வரை நாற்றம். அம்மா ஊற்றிய ஃபினாயிலும் அதோடு சேர்ந்துகொண்டது. மாமா பதறவில்லை. ஒரு துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கொல்லைப்பக்கக் கழிவுக் குழாயில் சுற்றினார். ஆறியதும் எடுத்து, தங்கத்தை உரசிப் பார்க்கும் ஆசாரியின் கவனத்தோடு முகர்ந்தார். குழாய் வழியாக நாற்றம் கசிந்தால் துண்டு காட்டிக்கொடுத்துவிடுமாம்.

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்த பெண்ணின் அப்பா, அந்தக் கோலத்தில்தான் அவரைப் பார்த்தார்.

“என்ன தம்பி, துண்டப் போயி மோந்து பாக்குறீக?”

“இன்ஜினியருல்ல, எதையும் சோதிச்சுத்தான் பாப்பான்,” என்று அம்மா முந்திக்கொண்டாள்.

“இன்ஜினியரெல்லாம் இல்லைங்க,” என்றார் மாமா. “படகுல கக்கூசு, கழிவுத் தொட்டி, குழாயி எல்லாம் என் பொறுப்பு. சின்னப் படகு. நாத்தம் வந்தா நடுக்கடல்ல எங்குட்டு ஓடுறது?”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

துண்டில் வாடை இல்லை. மாமா மொட்டைமாடிக்கு ஏறினார். கழிவுத் தொட்டியின் காற்றுக் குழாய் வாயில் பாலித்தீன் பை இறுகக் கட்டியிருந்தது.

“அக்கா, இத யாரு கட்டுனது?”

“நாந்தேன். ஆளுக வராகளே, நாத்தம் வரக் கூடாதுன்னு நேத்துக் கட்டுனேன்.”

“வெளிய விடாட்டி அது வீட்டுக்குள்ளதான வரும்! தொட்டிக்குக் காத்து வேணும்க்கா. ஃபினாயிலக் கொட்டாதீக, மக்க வைக்கிற கிருமியும் செத்துப்போகும்.”

பையை அவிழ்த்தார். ஒரு மணி நேரத்தில் கூடத்தில் சாம்பார் வாசனை மட்டுமே இருந்தது. அதுவரை காபியைக்கூட வேண்டாமென்று உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பா எழுந்தார். கிளம்பப்போகிறார் என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“இலையப் போடுங்க தாயி, சாப்பிட்டே போறேன்,” என்றார் அவர்.

பரிமாறும்போது அம்மாவின் கண்கள் வழிந்தன. நாற்றம் போனதும் மனிதருக்குப் பசி வந்துவிட்டது, இதற்குப் போய் ஏன் அழுகிறாள் என்று நினைத்தேன். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.