வெளிச்ச அறையில் நாற்பது நிமிடம்

எட்டரைக் கோடி. பத்தொன்பது வருடத்தில் அவர் கண் முன்னால் போன பாட்டில்களின் எண்ணிக்கை, தோராயமாக. நிமிடத்துக்கு எண்பது, ஒரு நாளைக்குப் பதினாறாயிரம். அதில் அவர் தவறவிட்டதாகத் தாளில் ஏறியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்காகத்தான், வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாது என்று கேட்டு அவருக்கு நோட்டீஸ் வந்தது.

தொழிற்சாலையில் எல்லோரும் அவரை டார்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருமல் மருந்தும் டானிக்கும் ஊற்றுகிற சின்னக் கண்ணாடிப் பாட்டில்கள் செய்கிற இடம் அது. உலையிலிருந்து வந்து ஆறிய பாட்டில்கள் கடைசியாக ஓர் அறைக்குள் நுழையும். ஜன்னல்களுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்த அறை. வெளியே பதினொரு மணி வெயில் கொளுத்தும். உள்ளே நாலு லைட் பேனல்கள் மட்டும் எரியும், ஒவ்வொன்றும் பாதிக் கதவு அளவு வெள்ளை வெளிச்சம். பேனலுக்கு முன்னால் பெல்ட் ஓடும். பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அதில் ஒரு பெண்.

அவர்கள் தேடுவது விரிசல், குமிழ், கல். எல்லாவற்றையும்விட மோசமானதற்கு அங்கே ‘ஊஞ்சல்’ என்று பெயர். பாட்டிலுக்குள் ஒரு பக்கச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கச் சுவருக்குக் கட்டிவிட்டதுபோல் தொங்கும் கண்ணாடி இழை, தலைமுடியைவிட மெல்லியது. உடைந்து மருந்தோடு கலந்தால் யாருடைய தொண்டைக்குள்ளாவது போய்விடும். மெஷின் இதைச் சில சமயம் விட்டுவிடும். அதனால்தான் கண் வேண்டும். கெட்ட பாட்டில் வந்தால் இடது கையால் கழுத்தைப் பிடித்துத் தூக்கி உடைசல் தொட்டியில் போடுவார்கள். தலை திரும்பாது. கை மட்டும் போய் வரும்.

இருபது நிமிடம் பார்த்தால், அடுத்த இருபது நிமிடம் எழுந்து பெட்டி மடிக்கப் போகலாம். இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எந்த ஒப்பந்தத்திலும் அது எழுதப்படவில்லை. எழுதாததால், மாற்றும்போது நிர்வாகம் யாரையும் கேட்கவில்லை. பத்தொன்பது பேர் இருந்த அறையிலிருந்து ஐந்து பேரை வேறு பிரிவுக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்த பதினான்கு பேருக்கும் இனி நாற்பது நிமிடம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

மூன்றாம் வாரம் மருந்துக் கம்பெனியிலிருந்து ஒரு பாட்டில் திரும்பி வந்தது. உள்ளே ஊஞ்சல். பெட்டியில் இருந்த சீட்டில் மூன்றாவது பேனல், காலை பதினொன்று முப்பத்து நாலு என்று இருந்தது. பதினொரு மணிக்கு உட்கார்ந்தவர் டார்ச் அக்கா. நோட்டீஸில் காரணம் ஒரே வார்த்தையில் இருந்தது: கவனக்குறைவு. பதில் சொல்ல ஏழு நாள்.

சங்கச் செயலாளர் உலைப் பிரிவில் ஃபிட்டர். மறுநாள் சாயங்காலம் அவர் டார்ச் அக்காவின் வீட்டுக்கு வந்தார். இரண்டு அறை, துவைத்த துணி தொங்கும் பால்கனி. கணவர் வேன் டிரைவர், வாயாடி.

“வீட்லயும் இதே கதைதாங்க. தட்டை வைக்கிறப்போ தட்டுல விரிசல் இருக்கான்னு பார்ப்பா. என் மூஞ்சியைப் பார்த்து வருஷக்கணக்காச்சு.”

“பார்த்தா தொட்டியிலதான் போடணும்” என்றார் டார்ச் அக்கா.

செயலாளர் சிரித்துவிட்டு நோட்டை விரித்தார். “அந்த முப்பத்து நாலாவது நிமிஷம் என்னம்மா நடந்துச்சு? தூங்கிட்டீங்களா?”

“தூங்கலண்ணே. பெல்ட் நின்னு போச்சு.”

“பெல்ட் நிக்கலையே. ரெக்கார்டுல ஓடிட்டுதான் இருந்திருக்கு.”

“எனக்கு நின்னுச்சு. பாட்டிலெல்லாம் அப்படியே நிக்குது. சத்தமும் இல்ல. அப்புறம் பேனலுக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்திருந்தாங்க.”

கணவர் டம்ளரைக் கீழே வைத்தார். பேனலுக்குப் பின்னால் சுவர்தான். நடுவில் உள்ளங்கை அகல இடைவெளி, அதிலும் வயர்கள்.

“யாரு?”

“முகம் தெரியல. வெளிச்சம் நடுவுல இருக்குல்ல. ஆனா என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சுது. நான் பாட்டிலைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்கிறாங்க. தலையை லேசா சாய்ச்சு, மேலேர்ந்து கீழ வரைக்கும். ஏதோ கண்டுபிடிச்சிட்ட மாதிரி, இடது கையைத் தூக்குனாங்க. கை என் கழுத்துக்கு நேரா வந்துச்சு.”

செயலாளர் பேனாவை மூடினார். “இதை எழுத முடியாதும்மா. எழுதினா மெடிக்கல் போர்டுக்கு அனுப்பி, அந்தக் காரணத்தைச் சொல்லியே வெளியே தள்ளிடுவாங்க. கண் அசதின்னு போடுவோம்.”

இன்னொரு சிக்கலையும் சொன்னார். சங்க விதிப்படி ஒரு பிரிவில் பாதிக்கு மேல் உறுப்பினராக இருந்தால்தான் அந்தப் பிரிவின் பிரச்சினையைப் பேச்சுவார்த்தை மேஜைக்குக் கொண்டுபோகலாம். வெளிச்ச அறையில் சந்தா கட்டுகிறவர்கள் டார்ச் அக்காவையும் சேர்த்து மூன்றே பேர். உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குச் சங்கம் எதற்கு என்று உலைக்காரர்களே கிண்டல் செய்வார்கள். அந்தப் பெண்களும் அப்படியே இருந்துவிட்டார்கள். எட்டு கையெழுத்து வேண்டும். ஐந்து குறைகிறது.

டார்ச் அக்கா உறுப்பினர் படிவங்களை மதிய உணவுப் பைக்குள் வைத்து எடுத்துப் போனார். உடை மாற்றும் அறையில் ஒவ்வொருவராகப் பிடித்தார். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. “எங்க வீட்ல கேட்டுச் சொல்றேன்”, “உங்களுக்கு வேலை போச்சுன்னா எங்களையும் இழுக்காதீங்க அக்கா”, “சங்கத்துல சேர்ந்தா கண்ணு நல்லா தெரியுமா?” இப்படித்தான் பதில் வந்தது.

மூன்றாம் நாள், நாலாவது பேனலில் உட்காரும் ஒரு பெண் ஷூ மாட்டிக்கொண்டே கேட்டாள். “உண்மையைச் சொல்லுங்க அக்கா. நீங்க எப்படி அதை விட்டீங்க? நீங்க விடுற ஆளே இல்லையே.”

அவரும் அலுத்துப் போயிருந்தார். சொல்லிவிட்டார். பெல்ட் நின்றது, எதிரே ஆள் உட்கார்ந்தது, அவ்வளவுதான் சொன்னார்.

அந்தப் பெண் ஷூவின் நாடாவைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “தலையை இப்படிச் சாய்ச்சா?”

அவள் சாய்த்துக் காட்டிய கோணம் சரியாக இருந்தது.

“கை?”

“இடது கை” என்றாள் அவள். “எனக்கு முப்பத்தொண்ணாவது நிமிஷம். போன வாரம் மூணு தடவை. எனக்குப் பைத்தியம் பிடிக்குதுன்னு நினைச்சேன், வீட்லகூடச் சொல்லல.” படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு டார்ச் அக்கா சந்தா, விதி, உரிமை எதையும் பேசவில்லை. நாற்பது நிமிடத்தில் என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டார். யாரிடமும் எதையும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்று அந்த முதல் பெண்ணிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஒருத்தி அழுதாள். ஒருத்தி சிரித்தாள், சிரிப்பு நிற்கவில்லை. ஒருத்தி ஒன்றும் பேசாமல் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். வெள்ளிக்கிழமைக்குள் புதுக் கையெழுத்து எட்டு, ஆக மொத்தம் பதினொன்று. போடாத மூவரில் ஒருவர் கேள்வி முடிவதற்குள் பையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

பேச்சுவார்த்தை அறையில் நீள மேஜை. சங்கத்தின் பக்கம் ஏழு பேர், வெளிச்ச அறையின் புதுப் பிரதிநிதியாக டார்ச் அக்காவும் அதில் ஒருவர். எதிரே நாலு பேர், நடுவில் பர்சனல் மேனேஜர். நல்ல உடல்வாகு, நல்ல பேச்சு.

“ஒரே வாய்தாவில முடிச்சிடலாம் செயலாளரே. நாற்பது நிமிஷத்தை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க. இவங்க மேல இருக்கிற நோட்டீஸை நான் திரும்ப வாங்கிக்கிறேன். உங்க ஆளும் பிழைச்சாங்க, என் லைனும் பிழைச்சுது.”

“ஒருத்தரைப் பணயமா வெச்சுப் பதினாலு பேரை வாங்கப் பார்க்கிறீங்க சார்.”

“பார்க்கிற வேலைதானே? இருபது என்ன, நாற்பது என்ன?”

செயலாளர் இதற்காகத்தான் காத்திருந்தார். “அப்போ நீங்களே உட்கார்ந்து பாருங்க சார். ஆறு ஊஞ்சல் பாட்டில் கலந்து விடுறோம், தவறினா பின்னாடி நாங்க பொறுக்க, அடியில சிவப்புப் புள்ளி வெச்சு. முதல் இருபதுல மூணு, அடுத்த இருபதுல மூணு. ஆறையும் எடுத்துட்டீங்கன்னா நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்.”

சங்கக்காரர்களே திடுக்கிட்டார்கள். இப்படியொரு பந்தயத்துக்குக் கமிட்டி ஒப்புதல் கொடுக்கவில்லை. மேனேஜர் கோட்டைக் கழற்றினார். “நான் இன்னும் கண்ணாடியே போடல, தெரியுமில்ல?”

காலை பத்தே முக்காலுக்கு மூன்றாவது பேனலில் உட்கார்ந்தார். எப்படிப் பார்க்க வேண்டும் என்று டார்ச் அக்கா சொல்லிக் கொடுத்தார். சங்கத்தின் ஏழு பேரும் நிர்வாகத்தின் மற்ற மூன்று பேரும் சுவரோரம் நின்றார்கள். மேனேஜர் முதல் பாட்டிலை ஆறாவது நிமிடத்தில் பிடித்தார், இரண்டாவதைப் பதினொன்றில், மூன்றாவதைப் பதினெட்டில். அவருடைய ஆட்கள் கைதட்டினார்கள். செயலாளரின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

இருபத்தாறாவது நிமிடம் நாலாவது பாட்டில் வந்தது, போனது. மேனேஜரின் கை அசையவில்லை. யாரும் கைதட்டவில்லை.

டார்ச் அக்கா பேனலைப் பார்க்கவில்லை. மேனேஜரின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டாவது நிமிடத்தில் அங்கிருந்த முடி குத்திட்டு நின்றது. தோள் இறுகியது. பிறகு அவர் தலையை மெல்லப் பின்னால் இழுத்தார், முகத்துக்கு மிக அருகில் யாரோ குனிந்தால் விலகுவோமே, அப்படி. பெல்ட் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாவது பாட்டில் போனது. ஆறாவதும் போனது.

நாற்பதில் மணி அடித்தார்கள். அவர் எழவில்லை. செயலாளர் போய்த் தோளைத் தொட வேண்டியிருந்தது.

மறுபடி மேஜைக்கு வந்தபோது மேனேஜரின் வலது கை அவருடைய கழுத்தின் மேல் இருந்தது. கூட்டம் முடிகிற வரைக்கும் அதை எடுக்கவில்லை. தண்ணீரைக்கூட இடது கையால் குடித்தார். என்ன பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. “இருபது” என்றார். “இனி எழுத்திலயே இருக்கட்டும். ஐந்து பேரையும் திரும்ப அனுப்பறேன்.”

ஆனால் அவர் வேலையை மறந்துவிடவில்லை. “மருந்துக் கம்பெனிக்கு நடவடிக்கை எடுத்தேன்னு நான் பதில் எழுதணும். அதுக்கு ஒரு பெயர் வேணும். இவங்க போயாகணும்.”

பத்து நிமிடம் இடைவேளை கேட்டு ஏழு பேரும் மாடிப்படிக்கு வந்தார்கள். பேக்கிங் பிரிவுப் பிரதிநிதி முணுமுணுத்தார்: “கைக்கு வந்ததை விட்டுடக் கூடாது. பத்தொன்பது பேர் விஷயம் இது.”

“உன் தங்கச்சியா இருந்தா இப்படிப் பேசுவியா?” என்றார் செயலாளர்.

“சண்டை வேண்டாம்ணே” என்றார் டார்ச் அக்கா. “நான் பேனலை விட்டுப் பேக்கிங்குக்குப் போறேன், கிரேடு இறங்கினாலும் பரவாயில்ல. அந்த நாற்காலிக்கு நான் திரும்பிப் போகத் தயாரா இல்ல, அது உங்களுக்கே தெரியும். ஆனா வேலை இருக்கணும். அந்த வார்த்தையும் போகணும். நான் கவனிக்காம இல்ல. ரொம்பக் கவனிச்சேன், அதான் வந்த வினை.”

உள்ளே திரும்பிப் போய்ச் செயலாளர் இதைச் சொன்னதும் மேனேஜர் டார்ச் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவை இடது கையில் பிடித்து, கோணல்மாணலாக, ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை அடித்தார். மேலே ‘பணிச்சூழல்’ என்று எழுதினார். நீக்கம், இடமாற்றம் ஆனது.

மறுநாள் வாசலில் பொதுக்குழு. இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒப்பந்தத்தை எதிர்த்துக் கை தூக்கியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் வெளிச்ச அறைப் பெண்கள். டார்ச் அக்காவை அனுப்பிவிட்டு எங்களுக்கு இருபது நிமிடம் வேண்டாம் என்றார்கள். அவர்தான் போய் ஒவ்வொரு கையாகப் பிடித்துக் கீழே இறக்கினார்.

இது நடந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. பேக்கிங்கில் ஜன்னல்கள் திறந்திருக்கும். இப்போது மனைவி தன் முகத்தைப் பார்க்கிறார் என்று கணவர் சொல்கிறார், பார்த்துவிட்டுத் திட்டுகிறாராம்.

பேனலில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போன மாதம் பேக்கிங் பிரிவுக்குத் தேடி வந்தாள். அவளுக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஓரமாகக் கூப்பிட்டு, “அக்கா, ஒரு விஷயம், சிரிக்கக் கூடாது” என்று ஆரம்பித்தாள். டார்ச் அக்கா சிரிக்கவில்லை. எத்தனையாவது நிமிடம் என்று மட்டும் கேட்டார்.

“பதினேழு” என்றாள்.

ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. வெளிச்ச அறைக்காரர்கள் பேக்கிங்கில் இருப்பவரையே தங்கள் பிரதிநிதியாக அனுப்ப, பொதுக்குழு விதியைத் திருத்தியிருக்கிறது. முதல் பேச்சுவார்த்தை ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு. கோரிக்கைப் பட்டியலில் முதல் வரி, லைட் பேனல் முன் உட்காரும் நேரம் பதினைந்து நிமிடம்.