கடல் நிலம் கொடுக்கும் கரை: கோத்லாந்துத் தீவில் சில நாட்கள்

ஸ்வீடன் தேசத்துக் கோத்லாந்துத் தீவுக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. இருபது வருஷம் குமாஸ்தாவாக உழைத்த ரங்கூன் சுண்ணாம்புக் கம்பெனி, எனக்குச் சேரவேண்டிய உத்தியோகத்தை மானேஜரின் மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டு, என் வாயை அடைக்க ஒரு கப்பல் டிக்கெட்டைக் கொடுத்தது. அங்குள்ள சுண்ணாம்புக் காளவாய்களைப் பார்க்கப் போன துரைக்கு எழுத்து வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. ஐரோப்பியச் சண்டை முடிந்து ஏழெட்டு வருஷமாகியிருந்த சித்திரை மாதம் அது.

புறப்படுமுன் தம்பியிடம் ஒன்று கேட்டிருந்தேன். ரங்கூனில் பசுண்டாங் ஓடைக்கு அக்கரையில், தாகேதாவில், அப்பா விட்டுப்போன நிலத்தைப் பங்கிட்டபோது, மூத்தவன் என்ற உரிமையில் ஓடைக்கரைப் பங்கை நான் எடுத்துக்கொண்டேன். நெல் படகுகளை வந்து கட்டுவார்கள், வாடகை வரும் என்று நினைப்பு. ஓடையோ மழைக்கு மழை கரையைத் தின்றது. வீடும் முற்றமும்தான் மிச்சம். "உன் பங்கில் ஒரு வீட்டுக்கு இடம் கொடு" என்றேன். "போயிட்டு வாங்கண்ணே, பேசிக்கலாம்" என்றான்.

லண்டன் வழியாக ஸ்டாக்ஹோம். அதற்குத் தெற்கே உள்ள துறையில் மாலையில் நீராவிக் கப்பல் ஏறினால் விடியும்போது விஸ்பி, மதில் சூழ்ந்த பட்டணம். அங்கிருந்து சின்ன ரயிலும் குதிரை வண்டியுமாகக் கிழக்குக் கரை இருபத்தைந்து மைல். வண்டிக்கு நாளொன்றுக்கு ஆறு குரோனர்.

தீவு முழுவதும் சுண்ணாம்புப் பாறை. மேலே ஒரு சாண் மண்கூட இல்லாத இடங்களில் குட்டைப் பைன் மரங்கள், செம்மறியாடுகள். கரையோரம் அலை அரித்து விட்டுப்போன பாறைத் தூண்கள் ஆள் நிற்பதுபோல் நிற்கின்றன. துரை அவற்றைப் படம் பிடித்தார். முக்காலியை நான் சுமந்தேன். கடலில் ஏற்றவற்றம் இல்லையென்றே சொல்லலாம். ரங்கூன் ஆற்றைப் பார்த்த கண்ணுக்கு அது செத்த தண்ணீர்.

வண்டியோட்டி நில்ஸ் முன்னாள் மாலுமி. கப்பல் இங்கிலீஷ் பேசுவான். காட்டுக்குள், கடலுக்கு வெகுதூரத்தில், கூழாங்கற்கள் வரப்பு வரப்பாகக் கிடந்தன. யார் கொட்டியது என்று கேட்டேன்.

"கடல்தான் கொட்டுச்சு. அப்ப அது இங்க இருந்துது. நிலம் மேல வந்துகிட்டே இருக்கு. ஒரு ஆயுசுக்கு அரைச் சாண். கரை தட்டையா இருக்கு, அதுக்கே தண்ணி வெகுதூரம் விலகிடும்."

கரையில் மீனவர் குடிசைகள் இரண்டு வரிசை. பின்வரிசை பாழடைந்து கிடந்தது.

"புது நிலம் யாருக்கு?" என்றேன்.

"மீன் பிடிக்கிற எல்லாருக்கும். தண்ணி விலகினா எல்லாரும் சேர்ந்து முன்னால போவோம். சீட்டுப் போட்டு இடம் எடுப்போம்."

"கரை மூத்தவன் பங்கு என்று ஒருவன் சொன்னால்?"

"என் அண்ணன் சொன்னான். ஊரே சிரிச்சுது. கடைசியில சீட்டுலயும் நல்ல இடம் அவனுக்கே விழுந்துது, கடன்காரன். அதிலேருந்து அவனோட பேச்சே இல்லை!"

அவன் அண்ணன் மேல்தான் எனக்கு இரக்கம் வந்தது. ஆனாலும் அந்த ஊர் வழக்கம் பிடித்தது. சேர்ந்து முன்னால் போகிறவர்கள் உண்டென்றால், சேர்ந்து பின்வாங்குவதும் நியாயம்தானே? திரும்பும் கப்பலில் தம்பிக்குச் சொல்லவேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ரங்கூன் துறையில் தம்பி காத்திருந்தான். "இளைச்சிட்டீங்களேண்ணே, துரை சோறு போடலியா?" சம்பானில் ஓடையைக் கடக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அங்க கடல் குடுக்குது, பங்கு போட்டுக்கிறாங்க. எடுத்துக்கிட்டுப் போனா போடுவாங்களாண்ணே?"

சம்பான் கரையை நெருங்கியது. என் முற்றம் இல்லை. வீடு ஒருபக்கம் சாய்ந்திருந்தது. ஓடை தம்பியின் எல்லையைத் தொட்டிருந்தது. வேலி இருந்த இடத்தில் புதிதாக முளைகள் அடித்து, இரண்டு நெல் படகுகள் கட்டியிருந்தன.

"நீங்க படகு வாங்கினாலும் இங்கயே கட்டிக்குங்கண்ணே. உங்ககிட்ட வாடகை வாங்குவேனா?"

ஓடைக்கு இன்னும் பசி அடங்கவில்லை. அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

கோத்லாந்து போக நினைப்பவர்கள் ஆனி மாதத்தில் போங்கள். அப்போதும் கம்பளிச் சட்டை வேண்டும். அரிசி கிடைக்காது, உப்பு மீனுக்குப் புளி கொண்டுபோங்கள். சொத்துப் பங்கிடாத அண்ணன் தம்பிகள் பங்கிடுமுன் போய்வருவது உத்தமம். பிறகு போனால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும்.

நான் இப்போது ரங்கூன் பட்டணத்துக்குள் லத்தாவில், சீனர் கடை மாடியில் குடியிருக்கிறேன். ஞாயிறுதோறும் தம்பி மீன் கொடுத்தனுப்புகிறான். வந்த ஆளிடமே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.